கோதுமை ஏற்றுமதியைத் திறந்துவிட்டால் விவசாயிக்கு விலை கிடைத்துவிடுமா?

கேள்வி, 2025 ஏப்ரல் 5

உக்ரைன் போர் வந்தபோது உலகம் முழுக்கக் கோதுமை விலை எகிறியது. நம் அரசு மட்டும் ஏற்றுமதியை நிறுத்தாமல் இருந்திருந்தால் வட இந்திய விவசாயிகள் நன்றாகச் சம்பாதித்திருப்பார்கள். ஏற்றுமதியைத் திறந்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால், அரசு அறிவிக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலையே தேவையில்லை என்பது என் கருத்து. கோதுமை வியாபாரம் தெரிந்தவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

2025 ஏப்ரல் 6

பாதி மறுக்க வேண்டும், பாதி ஒத்துக்கொள்ள வேண்டும். நான் தென் தமிழகத்தில் ஒரு மாவு மில்லுக்குக் கோதுமை கொள்முதல் பார்த்தவன். நமக்குக் கோதுமை விளைவது கிடையாது, எல்லாம் வடக்கிலிருந்துதான் வர வேண்டும். அதனால் அறுவடைக் காலத்தில் மத்தியப் பிரதேச மண்டிகளில்தான் கிடப்பேன். 2022இலும் அங்கேதான் இருந்தேன்.

செஹோர் மாவட்டத்தில் ஆஷ்டா என்று ஒரு மண்டி. காலையில் டிராக்டர் டிராலிகள் வரிசையாக நிற்கும். ஏலம் விடுகிறவர் ஒவ்வொரு டிராலியாக நகர்வார், பின்னாலேயே வியாபாரிகள் கூட்டம் நகரும். டிராலிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார்கள், ஊதிப் பார்ப்பார்கள், இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார்கள். 'டக்' என்று உடைந்தால் ஈரம் இல்லை. அரை நிமிஷத்தில் விலை முடிந்துவிடும். அந்த வருஷம் ஆதரவு விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 2,015 ரூபாய். சாதாரண மில் தரக் கோதுமையே 2,200, 2,300 என்று போனது. காரணம், கூட்டத்தில் பாதிப் பேர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்காக வாங்க வந்தவர்கள், எல்லாச் சரக்கும் குஜராத்தில் இருக்கிற காண்ட்லா துறைமுகத்துக்குப் போகிறது. நான் மில்லுக்குப் போன் போட்டு இந்த விலைக்கு வாங்கட்டுமா என்று கேட்பதற்குள் டிராலி கைமாறிவிடும்.

விவசாயிகள் முகத்தில் அப்படி ஒரு தெம்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அரசுக் கொள்முதல் நிலையம் ஒன்று இருக்கிறது என்பதையே மறந்துவிட்டார்கள். மாநிலத்தில் முந்தைய வருஷம் 128 லட்சம் டன் வாங்கிய அரசுக்கு அந்த வருஷம் கிடைத்தது 46 லட்சம் டன். ஆகவே ஏற்றுமதி திறந்திருந்தால் விலை வரும் என்று நீங்கள் சொல்வது உண்மை. கண்ணால் பார்த்தேன்.

மே 12ஆம் தேதி, ஏற்றுமதிக்கு வாய்ப்புத் தேடி ஒன்பது நாடுகளுக்குக் குழு அனுப்பப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. மொராக்கோ, துனிசியா, இந்தோனேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மறுநாள் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு, ஏற்றுமதிக்குத் தடை என்று அறிவிக்கை வந்துவிட்டது. காண்ட்லாவில் ஆயிரக்கணக்கான லாரிகள் சரக்கோடு நின்றன. மத்தியப் பிரதேச வியாபாரிகள் இரண்டு நாள் மண்டிப் பக்கமே வரவில்லை. திரும்ப வந்தபோது விலை குவிண்டாலுக்கு 100, 150 என்று இறங்கியிருந்தது.

'ஆதரவு விலையே தேவையில்லை' என்ற இரண்டாவது பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

2025 ஏப்ரல் 6, இரவு

அதற்கு முன் ஒரு கணக்கு. உலக விலை மண்டி விலையாக எப்படி மாறுகிறது என்று தெரியாமல் பேசினால் பேச்சு எங்கேயோ போய்விடும். துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிக்கொடுத்தால் டன்னுக்கு 340 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், டாலர் 76 ரூபாய். குவிண்டாலுக்கு 2,584 ரூபாய் வருகிறது. இதில் லாரி வாடகை, சாக்கு, ஏற்றுகூலி, மண்டிக் கட்டணம், துறைமுகச் செலவு, வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்த்து ஒரு 300 கழியுங்கள். மீதி 2,280. இதுதான் விவசாயி கையில் வரக்கூடிய உச்சம். வியாபாரி மனசாட்சிக்குப் பயந்து அதிகம் கொடுக்கப்போவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுத்தான் அவர் டிராலிக்குள் கையை விடுகிறார்.

2025 ஏப்ரல் 9

'சிகாகோவில் 13 டாலர் போனதே, அதை வைத்துப் பார்த்தால் இந்திய விவசாயிக்கு இன்னும் அதிகம் வந்திருக்க வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

சிகாகோவில் இருப்பது முன்பேரச் சந்தை, பின்னால் கொடுக்கப்போகிற சரக்குக்கு இப்போதே விலை பேசுகிற இடம். அங்கே விலை புஷலுக்கு. கோதுமையில் ஒரு புஷல் என்பது 27.2 கிலோ. 2022 மார்ச் தொடக்கத்தில் அங்கே 13 டாலரைத் தாண்டியது உண்மை, அதாவது டன்னுக்கு 470 டாலருக்கு மேல். ஆனால் அது முன்பேரச் சந்தையின் பயத்தில் வந்த விலை. ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து உலக ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிற நாடுகள், இரண்டும் ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்ற பயம். அந்த விலைக்கு எல்லாச் சரக்கும் கைமாறவில்லை.

அப்புறம், இந்தியக் கோதுமைக்கு வெளியே பெயர் குறைவு. வருஷா வருஷம் தொடர்ந்து கொடுக்கிற நாடு அல்ல என்பது முதல் காரணம். கர்னால் கரிப்பூட்டை என்ற நோயைச் சொல்லி நம் சரக்கை ஒதுக்குகிற நாடுகள் பல. அந்த 2022 மே மாதத்திலேயே துருக்கி, பயிர் நோயைக் காரணம் காட்டி ஒரு கப்பல் சரக்கை ஏற்க மறுத்துவிட்டது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் புரதம் இவ்வளவு, ஈரப்பதம் இவ்வளவு என்று எழுதிக்கொடுத்து விற்கின்றன. ஆஷ்டாவில் அளவுகோல் வியாபாரியின் பல். நல்ல புரதம் விளைவித்தவனுக்கும் சுமாராக விளைவித்தவனுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஷர்பதி என்ற உயர்ந்த ரகம் மட்டும் பெயரை வைத்து மேலே போகும், அது உள்நாட்டில் சப்பாத்திக்காக வாங்குகிறவர்கள் கொடுக்கிற விலை, ஏற்றுமதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2025 ஏப்ரல் 10

பஞ்சாபில் அதே வருஷம் ஏன் இவ்வளவு பரபரப்பு இல்லை என்று கேட்டவருக்கு: அங்கே சந்தைக் கட்டணம் 3 சதவீதம், ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம், அதற்கு மேல் ஆர்த்தியா என்கிற மண்டித் தரகரின் கமிஷன். 2,015 ரூபாய்க்கு ஆறு சதவீதமே 120 ரூபாய். காண்ட்லாவுக்குத் தூரமும் அதிகம். ஏற்றுமதிக்காரன் மத்தியப் பிரதேசத்துக்கும் குஜராத்துக்கும் போய்விட்டுக் கடைசியில்தான் பஞ்சாபுக்கு வருவான். அங்கே அரசுக் கொள்முதல் 132 லட்சம் டன்னிலிருந்து 96 லட்சம் டன்னாகத்தான் குறைந்தது, அதிலும் ஒரு பகுதி வெயிலால். 1901இலிருந்து எடுத்த கணக்கில் அந்த மார்ச்தான் நாட்டிலேயே அதிக வெப்பமான மார்ச். பால் பிடிக்கிற நேரத்தில் அனல் அடித்தால் மணி சுருங்கிவிடும். சுருங்கிய மணி 6 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கமாட்டோம் என்ற விதியை 18 சதவீதம் வரை தளர்த்தினார்கள் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஒரே நாடு, ஒரே உலக விலை. அது வந்து சேர்கிற அளவு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

2025 ஏப்ரல் 15

இப்போது அந்த இரண்டாவது பாதி. உலகச் சந்தையைத் திறப்பது என்றால் மதகை இரண்டு பக்கமும் திறப்பது. விலைதான் தண்ணீர், எந்தப் பக்கம் உயரமோ அங்கிருந்து மறுபக்கம் பாயும். 2022இல் உயரம் வெளியே இருந்தது. 2016இல் அப்படி இல்லை.

2016 செப்டம்பரில் கோதுமை இறக்குமதி வரியை 25 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள், டிசம்பரில் பூஜ்யம். உலகம் முழுக்க அமோக விளைச்சல், விலை கிடுகிடுவென இறங்கிக் கிடந்த நேரம். தூத்துக்குடியில் ஆஸ்திரேலியக் கோதுமை இறங்கியது, உக்ரைன் கோதுமையும் வந்தது. மொத்தத்தில் அந்த நிதியாண்டில் 50 லட்சம் டன்னுக்கு மேல் வந்து இறங்கியது, அதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற தென்னிந்திய மில்களுக்கு.

மில்லுக்கு அது பொற்காலம். ஆஸ்திரேலியச் சரக்கு சுத்தமாக இருக்கும். கல், தூசி, சணல் நூல் எதுவும் கிடையாது, சலிக்கிற வேலையே பாதியாகக் குறைந்தது. துறைமுகத்திலிருந்து மில்லுக்கு லாரியில் சில மணி நேரம்தான். மத்தியப் பிரதேசத்திலிருந்து வேகன் பிடித்து, அது வந்து சேரும் வரை காத்திருந்து, சாக்கு கிழிந்ததற்குச் சண்டை போட்டு வாங்குவதை விட எல்லா விதத்திலும் லாபம். முதலாளி கப்பல் சரக்கை எடுக்கச் சொன்னார், எடுத்தோம்.

அந்த 2017 ஏப்ரலில் இந்தூர்ப் பக்கம் எங்களுக்கு வழக்கமாகச் சரக்கு பிடித்துக் கொடுக்கும் தரகர் போன் செய்தார். 'பாய் சாஹப், இந்த வருஷம் தெற்கிலிருந்து ஒருத்தரும் கேட்கவில்லையே, என்ன ஆயிற்று?' என்றார். தூத்துக்குடி விலையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், 'அந்த விலைக்கு நான் எந்த விவசாயியிடம் போய்க் கேட்பது?' என்றார். இந்தக் கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. தெற்கத்தி மில்கள் வாங்காமல் போனால் ஆஷ்டா டிராலியைச் சுற்றி நிற்கிற கூட்டத்தில் நாலைந்து பேர் குறைவார்கள். நாலு பேர் குறைந்தாலே ஏலம் செத்துவிடும். 2017 மார்ச்சில் வரியை மறுபடி 10 சதவீதமாக்கினார்கள், நவம்பரில் 20, 2018 மே மாதத்தில் 30, 2019 ஏப்ரலில் 40. 2025 ஏப்ரலிலும் அங்கேயே நின்றது.

ஆதரவு விலையை எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் அந்த 2017ஐ யோசித்துப் பார்க்க வேண்டும்.

2025 ஏப்ரல் 17

'இன்றைக்கு வரியை எடுத்தால் என்ன ஆகும்?' என்ற கேள்விக்கு. கருங்கடல் துறைமுகத்தில் டன் 240 டாலர், கப்பல் வாடகை 40 என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். டாலர் 86 ரூபாய் என்றால் தூத்துக்குடிக்கு வந்து சேர குவிண்டால் 2,408. 2025 பருவத்து ஆதரவு விலை 2,425. மத்தியப் பிரதேச அரசு அந்தப் பருவத்தில் மேலே 175 ஊக்கத்தொகை சேர்த்து 2,600 கொடுத்தது. அங்கிருந்து நம் ஊருக்கு ரயில் வாடகை வேறு. வரி இல்லாவிட்டால் தென்னிந்தியா முழுக்க ரஷ்யக் கோதுமைதான். 40 சதவீத வரி இருந்தால் அதே சரக்கு 3,371 ஆகிறது, ஒருவரும் தொடமாட்டார்கள்.

மில்காரனாக நான் வரிக்குறைப்பைக் கேட்க வேண்டியவன். கேட்கமாட்டேன்.

2025 ஏப்ரல் 22

மற்ற நாடுகளில் என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் மதகுக்காரன் ஒருவன் இருக்கிறான்.

ரஷ்யா இன்று உலகத்திலேயே அதிகமாகக் கோதுமை ஏற்றுமதி செய்கிற நாடு. அதனால் ரஷ்ய விவசாயிக்கு உலக விலை முழுதாகக் கிடைக்கிறது என்று நினைத்தால் தப்பு. 2010 வறட்சியில் ஆகஸ்ட் 15லிருந்து ஏற்றுமதியையே நிறுத்தினார்கள். 2021 ஜூனிலிருந்து மிதக்கும் வரி. அப்போது வைத்த கணக்கு: டன் 200 டாலருக்கு மேல் எவ்வளவு போகிறதோ அதில் 70 சதவீதம் அரசுக்கு. உலக விலை 300 என்றால் 70 டாலர் வரியாகவே போய்விடும். விலை 200 டாலருக்குக் கீழே இறங்கினால் மட்டும் அந்த முழு இறக்கமும் விவசாயிக்கு.

அர்ஜென்டினாவில் 2015 டிசம்பரில் கோதுமை மீதான 23 சதவீத ஏற்றுமதி வரியை ஒரேயடியாக நீக்கினார்கள். அடுத்த பருவமே விதைப்புப் பரப்பு நன்றாகக் கூடியது. வரி விவசாயியின் முடிவை எவ்வளவு அழுத்தி வைத்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 2018இல் பணக்கஷ்டம் வந்ததும் வரி திரும்ப வந்துவிட்டது.

போலந்து நம் 2017க்கு அண்ணன். போரில் உக்ரைனுக்கு உதவ வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் உக்ரைன் பொருள்களுக்குச் சுங்கத்தை நீக்கியது. நியாயமான காரணம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆப்பிரிக்காவுக்குப் போகும் என்று சொன்ன தானியத்தில் ஒரு பகுதி போலந்திலேயே தங்கி உள்ளூர் விலையை உடைத்தது. 2023 ஏப்ரலில் அந்நாட்டு விவசாய அமைச்சர் ஹென்றிக் கோவால்சிக் பதவி விலகினார், அதே மாதம் போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் இறக்குமதிக்குத் தடை போட்டன. 2024 பிப்ரவரியில் போலந்து விவசாயிகள் எல்லையில் உக்ரைன் தானியத்தைக் கீழே கொட்டினார்கள். ஒரு விவசாயி இன்னொரு விவசாயியின் விளைச்சலைத் தரையில் கொட்டுகிற நிலைக்குத் தள்ளப்படுவது என்னால் தாங்க முடியாத விஷயம். அந்தப் பக்கம் குண்டுக்கு நடுவில் விதைத்தவன், இந்தப் பக்கம் கடனுக்கு நடுவில் விதைத்தவன்.

ஆஸ்திரேலியா மட்டும் கொஞ்சம் வேறு. 2008இல் கோதுமை வாரியத்தின் ஏற்றுமதி ஏகபோகத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே விலை ஏறினாலும் இறங்கினாலும் விவசாயி நேராக வாங்கிக்கொள்கிறான். பக்கத்திலேயே இருக்கிற இந்தோனேசியா அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். அங்கேயே உக்ரைன் கோதுமை பாதி உலகம் சுற்றி வந்து குறைந்த விலைக்கு இறங்கிச் சந்தையைப் பிடித்த வருஷங்கள் உண்டு. ஆனால் அவர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருப்பவர்கள். ஒரு வருஷம் அடி வாங்கினால் அடுத்த வருஷம் வரை தாங்குவார்கள். மூன்று ஏக்கர்காரனை அவர்களோடு ஒரே தராசில் வைத்துப் பேசுவது அநியாயம்.

2025 மே 3

கொஞ்ச நாளாக ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் 6இல் தடையைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

தடை வந்தது 2022 மே 13. மத்தியப் பிரதேசத்தில் அறுவடை மார்ச்சிலேயே ஆரம்பித்துவிடும். கடன்காரன் வாசலில் நிற்கிற சின்ன விவசாயி ஏப்ரலுக்குள் விற்று முடித்திருப்பான், அதுவும் அந்த வருஷம் நல்ல விலைக்கே. மே நடுவில் சரக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் பெரிய விவசாயிகளும் வியாபாரிகளும். முதல் அடி அவர்களுக்குத்தான். அவர்களிலும் பொறுத்திருந்தவர்களுக்கு 2023 ஜனவரியில் குவிண்டால் 3,000க்கு மேல் கிடைத்தது, ஏனென்றால் அரசுக் கிடங்கில் சரக்கு இல்லை. அந்தப் பருவத்தில் நாடு முழுக்க அரசு வாங்கியது 188 லட்சம் டன், முந்தைய வருஷம் 433 லட்சம். ஜனவரி கடைசியில் 30 லட்சம் டன்னைச் சந்தையில் விற்கிறோம் என்று அறிவித்த பிறகுதான் விலை இறங்கியது.

சின்ன விவசாயிக்கு நஷ்டம் அதற்குப் பிறகு வந்தது. 2023 ஜூனில் வியாபாரி இவ்வளவுக்கு மேல் இருப்பு வைக்கக் கூடாது என்று உச்சவரம்பு. இருப்பு வைக்க முடியாதவன் ஏன் அறுவடையில் போட்டி போட்டு வாங்குவான்? தடையும் உச்சவரம்பும் சேர்ந்து அடுத்தடுத்த வருஷ ஏலங்களைத்தான் தொட்டன. உலக விலை இறங்கிவிட்டதால் 2023க்குப் பிறகு தடை இல்லாமல் இருந்தாலும் ஏற்றுமதி பெரிதாக நடந்திருக்காது என்பதும் உண்மை, நம் விலையே வெளியை விட அதிகமாக இருந்தது.

தடையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ரேஷனுக்குக் கோதுமை போதாமல் அதே 2022 மே மாதம் சில மாநிலங்களுக்குக் கோதுமைக்குப் பதில் அரிசி ஒதுக்கினார்கள், அதை எப்படி ஒதுக்கித் தள்ள முடியும்? என் கோபம் வேறு. அக்டோபர், நவம்பரில் விதைக்கும்போது விவசாயிக்கு விதி தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு விலை போனால் ஏற்றுமதிக்கு இவ்வளவு வரி, இருப்பு இதற்குக் கீழே போனால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், அவன் அதை வைத்து எவ்வளவு கோதுமை, எவ்வளவு கொண்டைக்கடலை என்று முடிவு செய்வான். வெள்ளிக்கிழமை இரவு அறிவிக்கை போட்டால் அவன் என்ன செய்வான்?

2025 மே 4

'நீங்கள் மில்காரர், விவசாயிக்காகப் பேசுவதை எப்படி நம்புவது?' என்று கேட்டவருக்கு. விவசாயி கோதுமையை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போய்விட்டால் மில்லும் மூட வேண்டியதுதான். அதையும் தாண்டி, ஆஷ்டாவில் எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன்.

2025 மே 29

அரசுக் கொள்முதல் 2025 பருவத்தில் 300 லட்சம் டன்னை நெருங்கிவிட்டது. 2025 மே கடைசியில் இருப்பு உச்சவரம்பு மறுபடி வந்தது, மொத்த வியாபாரிக்கு 3,000 டன். ஏற்றுமதித் தடையும் அப்போது அப்படியே இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் பக்கம் நண்பர் ஒருவர் 60 குவிண்டால் வைத்திருக்கிறார், தீபாவளி வரை வைத்திருக்கலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார்.

இந்த 2025 நிலவரத்தில் அரசுக் கிடங்கில் சரக்கு நிறைய இருக்கிறது, வியாபாரிக்கு உச்சவரம்பு, மேலே 40 சதவீத இறக்குமதி வரி. விலை மேலேயும் பெரிதாகப் போகாது, அதலபாதாளத்துக்கும் இறங்காது. 2025 மே மாதமே 2,600க்கு விற்றால் வருகிற பணத்துக்கு, மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஐந்து மாதத்தில் குவிண்டாலுக்கு 130. கிடங்கு வாடகை, வண்டு, எடைக் குறைவு எல்லாம் சேர்த்தால் தீபாவளிக்கு 2,780க்கு மேல் போனால்தான் வைத்திருந்ததற்குப் பலன். கடன் இருந்தால் 40 குவிண்டாலை இப்போதே விற்றுக் கடனை அடைக்கச் சொல்லுங்கள். மீதி 20ஐ அங்கீகாரம் பெற்ற கிடங்கில் போட்டு ரசீது வாங்கட்டும், அவசரம் வந்தால் அந்த ரசீதின் பேரில் வங்கியில் கடன் கேட்கலாம். விதைக்கு வேண்டியதை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டாரா என்று கேளுங்கள்.